பிரதட்சிணம் வந்த தகர மனிதன்

ஜப்பானில் பழைய ரோபோ பொம்மைகளை மறுபடியும் செய்து விற்கிறார்களாம். அதே பெட்டி, அதே படம், அதே சாவி. என் அக்கா மகன் கைபேசியில் காட்டினான். "ஆனா சித்தி, சில ரோபோ மட்டும் திரும்ப வர்றதே இல்ல. எத்தனை பேர் கேட்டாலும் வராது" என்றான். அச்சு துருப்பிடித்திருக்கும், கம்பெனியை மூடியிருப்பார்கள், உரிமை யாருக்கு என்று வழக்கு நடக்கும் என்று காரணங்களையும் அவனே அடுக்கினான். எல்லாம் சரிதான். அவனுக்குத் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் ஒரு ரோபோ மறுபடி வராமலே போனது. அதில் என் பங்கும் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் பாண்டி பஜாரில் ஒரு பொம்மைக் கடையில் வேலை பார்த்தேன். வீடு ஆதம்பாக்கத்தில். பரங்கிமலை ஸ்டேஷன்வரை நடந்து, மின்சார ரயிலில் மாம்பலம் வந்து, ரங்கநாதன் தெருவின் காய்கறிக் கூடைகளை மிதிக்காமல் தாண்டி, ஒன்பதரைக்குள் கடையில் இருக்க வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்திருந்தேன். டைப்பிஸ்ட் வேலை கிடைக்கும்வரை இருப்போம் என்று சேர்ந்தவள் ஆறு வருஷம் இருந்துவிட்டேன். பொம்மைக் கடை வேலை அப்படி. காலையில் வந்ததும் நூறு முகங்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். வேறு எந்த ஆபீசில் அது நடக்கும்?

முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. சாவி கொடுக்கும் பொம்மைகளைக் கடையில் ஓட்டிக் காட்டக் கூடாது, ஸ்பிரிங் தேய்ந்துபோகும் என்பது அவர் சட்டம். மத்தியானத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவரே மத்தளம் அடிக்கும் குரங்குக்குச் சாவி கொடுத்து ரசிப்பார். நான் கிடங்கிலிருந்து வரும் சத்தம் கேட்டால் குரங்கின் கையைப் பிடித்து நிறுத்திவிடுவார்.

சந்திரனில் மனிதன் இறங்கிய பிறகு பிள்ளைகளுக்கு ராக்கெட் மேலும் ரோபோ மேலும் பைத்தியம் பிடித்திருந்தது. வெளிநாட்டுச் சாமான் எங்கள் மாதிரிக் கடைக்கு வர வழியில்லை. சிங்கப்பூரிலிருந்து யாராவது ஒன்று கொண்டுவந்தால் அந்தத் தெருவே போய்ப் பார்க்கும். பார்த்துவிட்டு வந்த பிள்ளை அன்று மாலையே அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வரும். நாங்கள் ராக்கெட் படம் போட்ட பம்பரத்தைக் காட்டி அனுப்பிவைப்போம்.

அப்படியிருக்கையில் ஒரு ஆவணி மாதத்து மத்தியானம் சிந்தாதிரிப்பேட்டையில் தகர வேலை செய்கிற ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் செய்த ஊதல்களும் கிலுகிலுப்பைகளும் ஏற்கெனவே எங்கள் கடையில் விற்றுக்கொண்டிருந்தன. அன்றைக்கு வாசலில் ஒரு ரிக்‌ஷாவை நிறுத்தி, அதில் ஒரு பெரிய மரப்பெட்டியை வைத்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை.

"இன்னா சார், புச்சா ஒண்ணு செஞ்சிகீறேன். பாக்குறியா?" என்று அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டு, பைக்குள்ளிருந்து எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

ஒரு சாண் உயரத்தில் ஒரு தகர மனிதன். சதுரத் தலை, வெள்ளிப் பெயின்ட், கண்ணுக்கு இரண்டு சிவப்புப் பாசிமணி, மார்பில் கடிகார முள் மாதிரி வரைந்த மூன்று வட்டங்கள். கையைத் தூக்கிப் பார்த்தேன். அக்குளுக்குள் பாதி ரோஜாப் பூ தெரிந்தது. பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்திருக்கிறார். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

அவர் பொம்மையின் முதுகில் சாவி கொடுத்து மேஜைமேலேயே விட்டார். தகர மனிதன் கரக் கரக்கென்று இரண்டடி நேராக வைத்தான். பிறகு வலது பக்கம் திரும்பினான். திரும்பியவன் திரும்பிக்கொண்டே போய் மேஜை விளிம்பைத் தாண்டிவிட்டான். நான் முந்தானையை விரித்துப் பிடித்தேன். மடியில் விழுந்தும் காலை உதைத்துக்கொண்டே இருந்தான்.

"என்னவே இது, கள்ளு குடிச்சவன் மாதிரி ஒரு பக்கமாவே சாயுது?" என்றார் அண்ணாச்சி.

தகர வேலைக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. "எல்லாமே அப்டித்தான் சார் போவுது. இன்னான்னு தெரியல. நல்லாத்தான் செஞ்சேன்." பிறகு மெதுவாக, "பொட்டியத் திரும்பத் தூக்கிக்கினு போவ முடியாது சார். ஒரு ஓரமா கெடக்கட்டும். வித்தா பாக்கலாம்" என்றார்.

அண்ணாச்சிக்கு இரக்கம் வந்தது. பெட்டி உள்ளே வந்தது. ஒரு குரோஸ், அதாவது பன்னிரண்டு டஜன் தகர மனிதர்கள், கிடங்கில் மரப்பாச்சிகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

நாலைந்து நாள் கழித்து மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். சித்திரக்குளத்துப் பக்கம் வீடு. ஒவ்வொரு வருஷமும் நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்னாலேயே வந்து, கடையில் இருக்கும் எல்லாச் செட்டியார் பொம்மைகளையும் இறக்கச் சொல்லி, மூக்கு சரியில்லை, தொப்பை போதவில்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் முதலில் பார்த்ததையே வாங்கிப் போகிறவர். அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். சட்டம் போட்டவர் இல்லாத தைரியத்தில், மாமியோடு வந்திருந்த பேத்திக்காகத் தகர மனிதனுக்குச் சாவி கொடுத்துத் தரையில் விட்டேன். நடுவில் நான் உட்காரும் ஸ்டூல் இருந்தது. அவன் ஸ்டூலை வலம் வர ஆரம்பித்தான். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

மாமி கையிலிருந்த செட்டியாரை அப்படியே வைத்துவிட்டார்.

"அடி பொண்ணே, இதென்னடி, பிரதட்சிணம்னா பண்றது!"

எனக்கு அப்போதுதான் அது கண்ணில் பட்டது. வலது பக்கமாகவே திரும்பினால் வலம்தானே வர வேண்டும். மூன்றாவது சுற்றில் முக்கால்வாசி போய் ஸ்பிரிங் தீர்ந்து நின்றான். மாமி குனிந்து, ஒற்றை விரலால் முதுகில் தள்ளி, மீதிக் கால் சுற்றையும் முடித்துவைத்தார். "மூணு ஆயிடுத்து" என்று சொல்லி நிமிர்ந்தார். "கட்டிக் கொடு. எங்காத்துக் கொலுல கோயிலச் சுத்தி விடப்போறேன்."

நவராத்திரி தொடங்கிய இரண்டாம் நாளே விஷயம் மயிலாப்பூர் முழுக்கப் பரவிவிட்டது. மாமி வீட்டுக் கொலுவில் படிக்குக் கீழே மணல் பரப்பி, நடுவில் சின்ன மண் கோயில் வைத்து, சுற்றிலும் வட்டமாக ஒரு பலகை போட்டிருந்தாராம். வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்கள் பாட்டுப் பாடி முடித்ததும் தகர மனிதன் பிரதட்சிணம் வருவானாம். வந்தவர்கள் அடுத்த நாள் எங்கள் கடையில் நின்றார்கள். லஸ்ஸிலிருந்து வந்தார்கள், அடையாறிலிருந்து வந்தார்கள். "சாமியச் சுத்தற பொம்மை இங்கதான?" என்று வாசலிலேயே கேட்டார்கள். அண்ணாச்சி தன் சட்டத்தைத் தானே ரத்துசெய்து, கடை நடுவில் ஸ்டூலைப் போட்டு நாளெல்லாம் ஒருவனைச் சுற்றவிட்டார். நான் அட்டையில் பெயின்ட்டால் 'பிரதட்சிணம் செய்யும் இயந்திர மனிதன்' என்று எழுதி வாசலில் மாட்டினேன். சரஸ்வதி பூஜைக்குள் பன்னிரண்டு டஜனும் தீர்ந்தது. எனக்கென்று ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஸ்டூலைச் சுற்றிக்கொண்டிருந்த கடைசி ஆளையும் அண்ணாச்சி ஒரு டாக்டர் வீட்டம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்.

சரக்கைப் போட்டுவிட்டுப் போன சிந்தாதிரிப்பேட்டைக்காரர் நவராத்திரி முடியும்வரை கடைப் பக்கமே வரவில்லை. வெட்கம்தான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. அவர் வந்தபோது தீபாவளி நெருங்கிவிட்டது. வாசலில் மாட்டிய அட்டையைக் கழற்றியாகிவிட்டது. கடையில் கூட்டம் நெரிந்தது. நான் ஒரே நேரத்தில் மூன்று பேருக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் விற்றுவிட்டது என்று சொன்னதும் அவரால் நம்ப முடியவில்லை.

"நெசமாவா? கொற எதுனா சொன்னாங்களாமா? சொல்லு, சரி பண்ணிக்கினு வரேன்."

"ஒரு குறையும் இல்லண்ணே. கொஞ்சம் வலது பக்கமா இழுக்குது, அவ்வளவுதான்" என்று சொல்லிச் சிரித்தேன். அது ஒரு வேடிக்கை என்று நினைத்துச் சொன்னேன். கொலு, கோயில், மாமி, அது எதையும் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வருஷம் ஆடி மாதமே அண்ணாச்சி இரண்டு குரோஸுக்குச் சொல்லியனுப்பினார். கார்டு எழுதியது நான்தான். 'சென்ற வருடம் போலவே' என்று எழுதினேன். ஆவணியில் இரண்டு மரப்பெட்டிகள் வந்து இறங்கின. இந்தத் தடவை சிந்தாதிரிப்பேட்டைக்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். பெட்டியைத் திறந்து ஒருவனை எடுத்தார். பெயின்ட் இன்னும் பளபளப்பாக இருந்தது. சாவி கொடுத்துக் கடை வாசலிலிருந்து உள்பக்கமாக நடக்கவிட்டார்.

தகர மனிதன் நடந்தான். நேராக நடந்தான். ஸ்டூலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டி, செட்டியார்களைத் தாண்டி, கடைக்கோடிச் சுவரில் போய் முட்டி, முட்டிய இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான்.

"பாத்தியா சார்! தண்டவாளத்துல ரயிலு போற மாரி போவுது. ஒரு வருசமா இதே வேலதான் எனக்கு" என்றார். பிறகு என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு சொல்லுச்சு, வல்து பக்கம் இசுக்குதுன்னு. மன்சுல வெச்சிக்கினேன்" என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இன்றைக்கும் அந்த மொசைக் தரையின் பூவேலை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவ்வளவு சந்தோஷமாக நின்றவரிடம் அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலர் சோடா வாங்கிக் கொடுத்து இருவரையும் அனுப்பிவைத்தார். அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினார். "ஏ புள்ள, உனக்கு வாய் சும்மா இருக்காதா? கோணல்லதான் அதுக்கு அழகே இருந்துச்சு. இப்பம் ரெண்டு குரோசு நிக்கி. எவ வாங்குவா?"

அடுத்த வாரமே மயிலாப்பூர் மாமி வந்தார், அடையாறில் இருக்கும் பெண்ணுக்கு ஒன்று வாங்க. புது ஆளை விட்டுக் காட்டினேன். அவன் சுவரில் போய் முட்டுவதை மாமி இமைக்காமல் பார்த்தார். "இதென்னடி, ஆபீசுக்கு லேட்டானவன் மாதிரி விறுவிறுன்னு போறான்? சுத்தறவன் எங்கே?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்தது. மாமி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அவன் பண்ணினதுதானே? மறுபடி அவனே பண்ணட்டும். எங்காத்துல இருக்கறத எடுத்துண்டு போய்க் காட்டுவோம். அதைப் பார்த்து இதைத் திருத்தட்டும்" என்றார். பொம்மையை என்னிடம் தனியாகக் கொடுத்தனுப்ப மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். "நான்தான் எடுத்துண்டு வருவேன். என் மடியிலதான் இருக்கும்."

அண்ணாச்சி எனக்கு ஒரு நாள் லீவு கொடுத்தார். கொடுத்தார் என்பதைவிட, 'சரிபண்ணாம கடைக்கு வராத' என்று அனுப்பினார் என்பதுதான் சரி. மயிலாப்பூரில் போய் மாமியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மாமி தகர மனிதனை ஒரு பட்டுத் துண்டில் சுற்றி, குழந்தையை வைத்துக்கொள்வதுபோல மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "கொயந்தைக்கு டிக்கெட் வாணாம்" என்றார். மாமிக்கு அதில் ஒரே பெருமை.

சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய ஒரு சந்தில் வீடும் பட்டறையும் ஒன்றாக இருந்தன. இந்தப் பக்கம் லேத், அந்தப் பக்கம் மீன் தொட்டி செய்கிறவர், எதிரில் பைண்டிங் கடை. சந்து முழுக்கத் தட்டுகிற சத்தம். எங்களைப் பார்த்ததும் கணவன், மனைவி இருவரும் பதறிப்போனார்கள். மனைவி முக்காலியைத் துடைத்துப் போட்டு, காபி போடட்டுமா என்று கேட்டார். மாமி வெளியில் காபி குடிப்பதில்லை என்றார். ஆனால் கோலி சோடா வந்ததும், பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடித்தார்.

நான் நடந்ததைச் சொன்னேன். போன வருஷம் அவர் பொம்மை எதற்காக விற்றது, எல்லோரும் என்ன சொல்லி வாங்கினார்கள், நான் ஏன் அந்த வார்த்தையைச் சொன்னேன், எல்லாவற்றையும். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாமியச் சுத்திச்சா? என் பொம்மையா?"

"எங்காத்துல ஒம்பது நாளும் சுத்திண்டிருந்ததுப்பா" என்றார் மாமி.

அவர் மனைவி பொம்மையைப் பார்க்காமல் கணவனையே பார்த்தார். "நா அப்பவே சொன்னேன், வித்துப்போச்சுன்னா வுட்டுரு, நோண்டாதன்னு. கேட்டியா நைனா?" என்றார். அவருக்குக் கணவனும் நைனாதான், அப்பாவும் நைனாதான், பக்கத்து லேத்காரரும் நைனாதான்.

பொம்மையைப் பிரித்துப் பார்த்தால்தான் எது கோணல் என்று தெரியும் என்றார் கணவர். மாமி துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிஷம் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில், தன் கண்ணெதிரில், ஒவ்வோர் ஆணியையும் தன் கையில் கொடுத்துக்கொண்டேதான் பிரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர் தகர மடிப்புகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். மாமி உள்ளங்கையில் ஆணிகள் சேர்ந்தன. ஆபரேஷன் தியேட்டரில் நிற்பதுபோல யாரும் மூச்சு விடவில்லை.

உள்ளே ஸ்பிரிங், நாலு பல்சக்கரம், இரண்டு காலையும் இணைக்கும் ஒரு அச்சுக்கம்பி. அவர் அந்தக் கம்பியை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். எனக்கு நேராகத்தான் தெரிந்தது.

"அரை நூல் கோணல்மா. இந்த மொனைல. அதான் எடது காலு ஒரு மயிரிழை எட்டிப் போடுது. வல்து பக்கம் திரும்புது." பட்டறைக் கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

அவருக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. போன வருஷத்து யந்திரங்களை அவர் பழைய சாமான் வியாபாரியிடம் எடைக்கு வாங்கியிருந்தார். பம்பாய்ப் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலையில் கழித்துக் கட்டிய சரக்கு, ஒரே பெட்டி. ஏன் கழித்தார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை கம்பியும் ஒரே மாதிரி, ஒரே முனையில், அரை நூல் கோணல். இந்த வருஷம் அண்ணாச்சியின் ஆர்டரை நம்பி நல்ல யந்திரமாகவே வாங்கிப் போட்டுவிட்டார்.

மாமியின் பொம்மையைத் திரும்பக் கோர்த்துச் சாவி கொடுத்தார். தரையில் விட்டார். அவன் இடது பக்கம் திரும்பினான்.

"ஐயோ! அப்பிரதட்சிணம்! நிறுத்து, நிறுத்து!" என்று மாமி எழுந்தே விட்டார்.

பொம்மை செய்தவர் பாய்ந்து பிடித்தார். கம்பியை முனை மாற்றிப் போட்டிருக்கிறார். மறுபடி மடிப்புகளை நிமிர்த்தி, மறுபடி ஆணிகள் மாமி கைக்கு வந்து, கம்பியைத் திருப்பிக் கோர்த்து முடித்தார். இந்த முறை தகர மனிதன் கரக் கரக்கென்று இரண்டடி நடந்து, வலது பக்கம் திரும்பி, பட்டறையில் இருந்த கரி அடுப்பை ஒழுங்காக வலம் வந்தான். மாமி சோடா பாட்டிலை வாங்கி மீதியையும் குடித்தார்.

காரணம் தெரிந்துவிட்டது, இனிச் செய்துவிடலாம் என்று சந்தோஷமாக வீடு திரும்பினேன். அடுத்த பதினைந்து நாளில் மூன்று முறை அந்தச் சந்துக்குப் போனேன். முதல் முறை அவர் நல்ல கம்பிகளைக் குறடால் வளைத்துக்கொண்டிருந்தார். உருக்குக் கம்பி, வளையாமல் முறிந்தது. இரண்டாம் முறை சூடு காட்டி வளைத்திருந்தார். வளைந்தது. ஆனால் இளகிய கம்பி நாலு சுற்றில் நிமிர்ந்துகொண்டது. ஒருவன் அழகாகச் சுற்ற ஆரம்பித்து, பாதியில் மனம் மாறி நேராக வாசலுக்குப் போய்ச் சாக்கடையில் விழுந்தான். கொஞ்சம் அதிகமாக வளைத்தவன் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றினான். ஒருவன் பின்னால் நடந்தான். அது எப்படி என்று அவருக்கே இன்றுவரை தெரியாது. ஒரு காலைக் குட்டையாக்கிப் பார்த்தார்; மல்லாந்து விழுந்தான். காலடியில் சைக்கிள் ட்யூப் ரப்பர் ஒட்டிப் பார்த்தார். சிமெண்டில் சுற்றினவன் கோல மாவைக் கண்டதும் வழுக்கினான்.

மூன்றாம் முறை நான் போனபோது அவர் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து லேத்காரரிடம் போய், அரை நூல் கோணலாகக் கம்பி கடைந்து தரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கோபித்துக்கொண்டாராம்.

"'கோணலா வந்தாக் காசு தர மாட்டேன்னு சொல்றவன் உண்டு. கோணலாத்தான் வோணும்னு எவனாவது கேப்பானா? நாள பின்ன என் பேரு இன்னா ஆவும்?' அப்டீன்னு வெரட்டி வுட்டாரு" என்றார் மனைவி.

அண்ணாச்சிக்கு ஒரு யோசனை வந்தது. யந்திரங்கள் வந்த அந்தப் பழைய மரப்பெட்டியின் பலகையில் பம்பாய்த் தொழிற்சாலையின் விலாசம் அடித்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல, நான் எங்கள் லெட்டர்ஹெட்டில் இங்கிலீஷில் எழுத வேண்டும்.

"போன வருசம் உங்க சரக்குல ஒரு தப்பு இருந்துச்சு, அது ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு எழுது. அதே தப்போட ரெண்டு குரோசு அனுப்பணும். தப்பில்லாம அனுப்பினா திருப்பி அனுப்பிருவோம். எழுதிட்டியா?"

நான் கற்ற இங்கிலீஷ் முழுவதையும் அந்தக் கடிதத்தில் இறக்கினேன். எழுதி முடித்து உரக்கப் படித்தபோது எனக்கே சிரிப்பு அடங்கவில்லை. அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஸ்டாம்பைத் தானே நாக்கில் தடவி ஒட்டினார்.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்துப் பதில் வந்தது. நல்ல கனமான காகிதம். தங்கள் தொழிற்சாலையிலிருந்து குறையுள்ள சரக்கு எதுவும் எந்தக் காலத்திலும் வெளியே சென்றதில்லை, இனியும் செல்லாது என்று தெரிவித்துக்கொள்வதாகவும், நாங்கள் வேறு யாரையோ நினைத்து எழுதியிருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அண்ணாச்சி அதை மடித்து வைத்துவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால், அதற்குக் கண்ணாடி போட்டு, கல்லாவுக்குப் பின்னால் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், "அந்தச் சுத்தற பொம்மை மறுபடி வராதா?" என்று யார் கேட்டாலும் விரலை நீட்டி அதைக் காட்டுவார். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் படித்துவிட்டு விழிப்பார்கள். நான் விளக்கிச் சொல்வேன்.

அவ்வளவுதான் காரணம். அச்சு தொலையவில்லை. செய்தவர் இருந்தார், கேட்பவர்கள் இருந்தார்கள், தகரமும் இருந்தது. ஒருத்தர் எங்கேயோ தெரியாமல் செய்த தப்பைத் தெரிந்தே மறுபடி செய்ய யாராலும் முடியவில்லை. முடிந்தவர்களுக்கு மனசு வரவில்லை.

நேராக நடக்கிற இரண்டு குரோஸும் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவற்றை விற்றது சிந்தாதிரிப்பேட்டைக்காரரின் மனைவி. ஒரு நாள் கணவனோடு கடைக்கு வந்தவர், கிடங்கில் சும்மா நிற்கும் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, இரண்டு பொம்மைகளை எடுத்து வாசற்படி ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஒன்றின் தலையில் கொஞ்சம் குங்குமத்தைத் தடவினார். "இன்னாமா, யாரு ஜெயிப்பா சொல்லு" என்றார். இரண்டும் நேராக ஓடின. குங்குமக்காரன் ஒரு சாண் முந்தினான். வாசலில் போய்க்கொண்டிருந்த ஒரு அப்பாவும் பெண்ணும் நின்றுவிட்டார்கள். அன்றிலிருந்து சிவப்புத் தலை, பச்சைத் தலை என்று ஜோடி ஜோடியாக விற்றோம். யாருமே ஒன்று வாங்கவில்லை. ஒன்று வாங்கினால் யாரோடு பந்தயம் விடுவது? தீபாவளிக்குள் முக்கால்வாசி போய்விட்டது. அண்ணாச்சி என்னைத் திட்டியதை மறந்து, தான் ஆரம்பத்திலேயே அந்தப் பொம்மையில் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டதாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அந்த வருஷ நவராத்திரியைப் பற்றிச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். அதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

மாமி சிந்தாதிரிப்பேட்டைக்காரரையும் மனைவியையும் கொலுவுக்கு அழைத்திருந்தார். "அவன் பண்ணினத அவன் பார்க்க வேண்டாமா?" என்றார். ஐந்தாம் நாள் சாயங்காலம் நான்தான் அவர்களைக் கூட்டிப் போனேன். மனைவி பச்சைப் பட்டுப் புடவை, தலை நிறையக் கதம்பம். அவர் வெள்ளை வேட்டி கட்டி, ஆணிகள் இல்லாத கையை என்ன செய்வது என்று தெரியாமல் முன்னால் கட்டிக்கொண்டிருந்தார். மாமி வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். யாரோ என்னமோ என்று பார்த்தவர்களிடம் மாமி, "இவர்தான் அவனைப் பண்ணினவர்" என்றார். எல்லோரும் நகர்ந்து முன்வரிசையில் இடம் விட்டார்கள்.

பேத்தி பாடினாள். பாட்டு முடிந்ததும் மாமி சாவி கொடுத்தார். தகர மனிதன் மண் கோயிலைச் சுற்றிப் பலகைமேல் நடந்தான். பாசிமணிக் கண்களில் குத்துவிளக்கு வெளிச்சம் பட்டு மினுங்கியது. கூடத்தில் கரக் கரக் சத்தம் மட்டும் கேட்டது. பொம்மை செய்தவர் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பலகைவரை தாழ்த்தி, அவன் ஒவ்வொரு அடியும் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது சுற்றில் அவர் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோயிலுக்கா, கணவனுக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது சுற்றின் முக்காலில் அவன் நின்றான். மாமி விரலை நீட்டினார். அதற்குள் சிந்தாதிரிப்பேட்டைக்காரர் என் பக்கம் சாய்ந்து, "அந்தப் பல்சக்கரத்துக்கு ரெண்டு சொட்டு எண்ணெ வுட்டா முழுசா மூணு சுத்தும் போவும்மா. ஒரு நிமிசம் தொறந்து பாத்து..." என்று காதோடு சொன்னார்.

மனைவிக்குக் கேட்டுவிட்டது. "கைய வெச்சிப் பாரு!" என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். இரண்டு கைகளையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். மாமி ஒற்றை விரலால் மெதுவாகத் தள்ளி, மீதிக் கால் சுற்றையும் முடித்துவைத்துவிட்டு, எல்லோருக்கும் சுண்டல் எடுத்துவர உள்ளே போனார்.